ஸ்ரோரடிக் கபுறு

பாலைமடுவில் ரயிலை விட்டு இறங்கினால் கண்ணில் முதலில் படுவது ஸ்ரோர்கள்தான். தண்டவாளத்துக்கும் கனகராயன் ஆற்றுக்கும் நடுவில் ஏழு கட்டடங்கள் ஒன்றோடொன்று தோள் ஒட்டி நிற்கும். எல்லாம் வெள்ளைக்காரன் காலத்துச் சுண்ணாம்புச் சுவர். நெல்லும் எள்ளும் முதிரைக் குற்றியும் இங்கே அடுக்கி வைத்துத்தான் ஒரு காலத்தில் கோச்சியில் ஏற்றினார்கள். சண்டைக்குப் பிறகு இரண்டு கட்டடத்துக்குக் கூரை இல்லை. மரம் விற்கிற மரக்காலை இருந்த கட்டடத்துக்குள் ஒரு ஆலமரம் வளர்ந்து சன்னலால் கையை வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது. அந்த இடத்துக்குச் சனம் வைத்த பெயர் ஸ்ரோரடி. பொழுதுபட்டால் அந்தப் பக்கத்தால் யாரும் சைக்கிளில் போவதில்லை, சுற்றுப் பாதையால் போவார்கள். ஏன் என்று கேட்டால் பாம்பு என்பார்கள்.

வேலை நடக்கிற ஸ்ரோர் ஒன்றே ஒன்று. ஆற்றுப் பாலத்துப் பக்கம் கடைசியாக நிற்கும் மீராசாகிபு மில். அரைக்கிற மெசின் எப்போதோ போய்விட்டது. நெல்லை ஊறப்போட்டு, அவித்து, காயவைத்துக் கொடுக்கிற வேலை மட்டும் நடக்கிறது. மீராசாகிபுவின் மனைவி ஆசியா உம்மாதான் முதலாளி. ஸ்ரோரின் முன் அறையில் அவர் குடியிருக்கிறார். வேலைக்கு இரண்டு பெண்கள்: பேச்சியம்மா, மதலேனா.

பேச்சியம்மா அக்கராயனில் இருந்து முதல் பஸ்ஸில் வருவாள். வயது ஐம்பது தாண்டிவிட்டது. எலும்பும் தோலுமான உடம்பு, ஆனால் ஈர நெல்லுக் கடகத்தைத் தலையில் வைத்தால் கழுத்து அசையாது. எழுபத்தேழுக் கலவரத்தில் மலைநாட்டுத் தோட்டத்தை விட்டு ஓடிவந்து வன்னியில் காடு வெட்டிக் குடியேறிய குடும்பத்துப் பிள்ளை. வாய் திறக்க மாட்டாள். அவளுக்கும் சேர்த்து மதலேனாவே கதைப்பாள். மதலேனா கொக்கிளாய்ப் பக்கத்துக் கடற்காரி. புருசனோடு கோபித்துக்கொண்டு தங்கை வீட்டுக்கு வந்தவள், இந்த ஊரிலேயே தங்கிவிட்டாள்.

மில் வளவுக்குள், மேற்குச் சுவரை ஒட்டி, நெல் காயப்போடுகிற சீமெந்துத் தளம் முடிகிற இடத்தில் ஒரு கபுறு இருக்கிறது, ஒரு புதைகுழி. இரண்டு முனையிலும் ஒவ்வொரு கல். இரண்டுக்கும் ஆசியா உம்மா வருசா வருசம் வெள்ளை அடிப்பார். சுற்றிவரக் கம்பி வேலி, உள்ளே ஒரு மருதோன்றிச் செடி. அது மீராசாகிபுவின் கபுறு என்றுதான் ஆசியா உம்மாவும் மகன் சியாமும் ஊரும் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

அதற்குள் கிடப்பது தன்னுடைய மகள் யதுர்ஷிகா என்பது பேச்சியம்மாவுக்குத் தெரியும். இந்த ஊரில் வேறு ஒருவருக்கும் தெரியாது.

தொண்ணூறாம் ஆண்டு ஐப்பசியில் வடக்கில் இருந்த முஸ்லிம் சனம் எல்லாம் உடுத்த உடுப்போடு வெளியேற வேண்டி வந்தது. அதற்கு முந்தின கிழமை, துவக்கோடு வந்த இயக்கப் பெடியள் சிலர் மூட்டை ஏற்றுகிற மில் மேடையில் நின்ற மீராசாகிபுவை ஒருக்கா வந்து போகும்படி மரியாதையாகக் கூப்பிட்டார்கள். அவர் குடித்துக்கொண்டிருந்த தேத்தண்ணியை மேடை விளிம்பில் வைத்துவிட்டுப் போனார். சியாம் அப்போது கைக்குழந்தை. அந்தக் கோப்பையைக் கழுவுவதா விடுவதா என்று தெரியாமலே ஆசியா உம்மா ஊரை விட்டுப் போனார்.

புத்தளத்துக் கொட்டிலில் இருபது வருசம் போனது. அங்கே ஒரு நாள், வன்னியோடு வியாபாரம் செய்த ஒருவர், மீராசாகிபுவைக் கொண்டுவந்து அவருடைய மில் வளவிலேயே குழி வெட்டித் தாட்டதாகக் கேள்வி என்றார். வெறும் கேள்விதான். ஆனால் சண்டை முடிந்து திரும்பி வந்து பற்றை வெட்டுவித்தபோது வளவில் ஒரு மண்மேடு கிடந்தது. வடக்குத் தெற்காக, முனைக்கொரு கல்லோடு. முஸ்லிம்களின் கபுறு வடக்குத் தெற்காகத்தான் வெட்டப்படும். தலைமாட்டிலும் கால்மாட்டிலும் மீசான் வைப்பார்கள். பிறகு யாரிடம் போய் எதைக் கேட்பது? கத்தி பிடித்து நின்ற கூலிக்காரனை அனுப்பிவிட்டு ஆசியா உம்மா அந்த மண்ணில் இருந்து அழுதார்.

பள்ளிவாசல் மையவாடிக்குப் பெண்கள் போவதில்லை. இதுவோ சொந்த வளவு. வெள்ளிக்கிழமைகளில் மத்தியான லுஹர் தொழுத கையோடு யாசீன் கிதாபை எடுத்துக்கொண்டு வருவார். வடக்குக் கல்லடியில் பாயைப் போட்டு, புருசனின் தலைமாட்டில் இருக்கிற நினைப்போடு ஓதுவார். புருசனின் கபுறடியில் இருக்கக் கொடுத்து வைத்தவள் என்று புத்தளத்துச் சொந்தக்காரிகள் அவர்மேல் கொஞ்சம் பொறாமைகூடப் பட்டார்கள்.

பேச்சியம்மாவின் கணக்கு வேறு. இரண்டாயிரத்தெட்டு மார்கழியில் சனம் கிழக்கே ஓடிக்கொண்டிருந்தபோது அவளும் மகளும் இந்த ஸ்ரோருக்குள் ஒதுங்கினார்கள். சுவர் தடிப்பு என்ற நம்பிக்கைதான். அங்கே தங்கியவர்கள் சேர்ந்து மேற்குச் சுவரோரம் ஒரு பங்கர் வெட்டினார்கள். தண்டவாளம் போகிற நேருக்கு ஸ்ரோரைக் கட்டினான் வெள்ளைக்காரன். ஸ்ரோர் போகிற நேருக்குப் பங்கரை வெட்டினார்கள் சனங்கள். அதனால் அதுவும் வடக்குத் தெற்காகவே அமைந்தது. மழை விட்ட ஒரு பின்னேரம் யதுர்ஷிகா தலை காயவைக்கப் போகிறேன் என்று வெளியே வந்தாள். ஷெல் விழுந்தது. வேறு குழி வெட்ட அவகாசம் இல்லை. பங்கருக்குள்ளேயே தெற்கே தலை வைத்துக் கிடத்தி மண்ணைத் தள்ளி மூடினார்கள். மழைக்கு மண் கரைந்து போகாமல் இருக்க, நெல் அவிக்கிற அடுப்பில் இருந்து இரண்டு கல்லைப் பெயர்த்து முனைக்கொன்றாக வைத்தாள் பேச்சியம்மா. பிறகு சனத்தோடு சனமாக நடந்தாள்.

அகதி முகாமால் விட்ட பிறகு அவள் இங்கே வந்து சேர்ந்தபோது அந்தக் கல்லுகள் வெள்ளையாக இருந்தன. ஒரு பெண் பக்கத்தில் இருந்து ஏதோ புரியாத மொழியில் ஓதி ஓதி அழுதுகொண்டிருந்தார். பேச்சியம்மா படலையடியில் கனநேரம் நின்றாள். அவளுடைய ஆட்கள் அவசரத்தில் தாட்ட இடங்கள் எத்தனையோ, மண் நிரவுகிற மெசினுக்குள் அகப்பட்டு இடம் தெரியாமல் போயிருந்தன. இது வேலி போட்டு, வெள்ளை அடித்து, செடியும் நட்டு இருந்தது. இவ்வளவு பார்க்க அவளால் ஏலுமா? சொன்னால் பொலிஸ் வரும், கோட்டு வழக்கு வரும், மண்வெட்டி வரும். ஆசியா உம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து, என்ன வேணும் என்று கேட்டார். பேச்சியம்மா வேலை கேட்டாள்.

அன்றிலிருந்து அந்தக் கபுறுக்குப் பக்கத்தில்தான் அவளுடைய பகல்கள் போயின. தளத்தில் நெல்லைப் பரப்பி, காலால் கோடு கோடாக இழுத்துக் கிளறிக்கொண்டு போய், கபுறடியில் திரும்பி வருவாள். யதுர்ஷிகா கோச்சியைக் கண்டதே இல்லை. அவள் பிறக்க முந்தியே அது நின்றுவிட்டது. தண்டவாளத்தையும் சிலிப்பர் கட்டையையும் பங்கருக்கு மேலே போடச் சனம் கழற்றிக்கொண்டு போய்விட்டது. வெறும் மண்வரம்பில் பள்ளிக்கூடம் போய் வந்த பிள்ளை அவள். கோச்சி எப்படிச் சத்தம் போடும் என்று கேட்பாள், பேச்சியம்மா வாயால் செய்து காட்டுவாள். இப்போது உண்மைக் கோச்சி பகலும் இரவும் அவளுக்குப் பக்கத்தால் போகிறது. நிலம் அதிரும். பேச்சியம்மா கைவேலையை விட்டுவிட்டுக் கடைசிப் பெட்டி போகும்வரைக்கும் அசையாமல் நிற்பாள்.

"உனக்கு ஆரோ மாப்பிள்ளை கோச்சியில வாறான் போல," என்பாள் மதலேனா. "வந்தால் சொல்லு, நானும் தலை வாரி இழுத்துக்கொண்டு நிக்கிறன்."

மத்தியானங்களில் ஸ்ரோர் ஒரு மாதிரி இருக்கும். வெளியே வெயில் கொளுத்த, உள்ளே ஈர நெல்லின் புளித்த மணத்தோடு இருட்டுக் குளிர்ந்து கிடக்கும். மேடைப் பக்கம் யாரோ நடக்கிற சத்தம் கேட்கும். போய்ப் பார்த்தால் ஒருவரும் இல்லை. அவர் மூட்டை பார்க்கிறார், செருப்புச் சத்தம் தனக்குத் தெரியும் என்பார் ஆசியா உம்மா. பேச்சியம்மாவுக்கு அது பள்ளிக்கூடச் சப்பாத்து. இருவரும் கேட்டது ஒரே சத்தத்தைத்தான்.

இப்படி இருக்கும்போதுதான் ஸ்ரோர்களை இடிக்கப் போகிறார்கள் என்று கதை வந்தது. ஸ்ரேசனுக்கு முன்னால் வாகனம் நிறுத்த இடம் வேண்டுமாம். வவுனியாவில் இருந்து கணபதி என்ற ஓய்வுபெற்ற எஞ்சினியர் அதை எதிர்த்துக்கொண்டு வந்தார். ஒல்லியான மனிதர், தொப்பி போட்டவர், கண்ட சுவரையெல்லாம் உள்ளங்கையால் தடவிப் பார்ப்பார். ஏழு ஸ்ரோரையும் பழமைச் சின்னமாகப் பதிந்துவிட்டால் யாரும் தொட ஏலாது என்றார். கூரை போடலாம், மேடையைத் திருத்தலாம், ஆட்கள் வந்து பார்ப்பார்கள். மதலேனா அவருக்குத் தேத்தண்ணி கொடுக்கும்போது, தன்னுடைய வீட்டுச் சுவரும் விழப்போகிறது, அதையும் ஒருக்காத் தடவிவிட்டுப் போகச் சொன்னாள். மனிதர் சிரித்தார். நூறு வருசம் கழித்து வருவதாகச் சொன்னார்.

ஒரே ஒரு சிக்கல் இருந்தது. பதிவதற்கு முந்தி வளவுக்குள் இருக்கிற எல்லாவற்றுக்கும் விளக்கம் வேண்டும். இன்னாருடையது என்று உரியவர்கள் பொறுப்பெடுத்தால் கபுறு அப்படியே இருக்கலாம். ஆள் தெரியாத குழி என்றால் நீதவான் வந்து திறந்து பார்த்த பிறகுதான் வேலை தொடங்கலாம்.

"ஆள் தெரியாம என்ன. என்ர மனுசன்," என்றார் ஆசியா உம்மா.

சியாம் வவுனியாவில் மாபிள் கடை வைத்திருந்தான். செய்தியைக் கேட்டதும், பேர் வெட்டிய கல் ஒன்றைத் தானே செய்விப்பதாகச் சொன்னான். "நான் வாப்பாவைக் கண்டதில்லை உம்மா," என்றான் போனில். "பேரையாவது காணுறன்." ஆசியா உம்மா அதைப் பேச்சியம்மாவிடம் சொல்லிவிட்டு முந்தானையால் மூக்கைத் துடைத்தார். கறுப்புக் கல்லில் பொன் எழுத்து, மேலே அரபி, கீழே தமிழ், புதன்கிழமை கொண்டுவருவான்.

பேச்சியம்மா அன்றைக்குச் சோறு தின்னவில்லை. பொதியை அவிழ்த்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கட்டினாள். பேரில்லாத வரைக்கும் அந்த மண் இரண்டு பேருக்கும் போதுமாக இருந்தது. ஆசியா உம்மா ஓதுகிறபோது, அது தன் பிள்ளைக்கும் போய்ச் சேரும் என்று அவள் மனதுக்குள் ஒரு ஒழுங்கு செய்து வைத்திருந்தாள். கல்லில் ஒரு ஆம்பிளையின் பேரை வெட்டி நெஞ்சில் நட்டுவிட்டால் பிள்ளை எங்கே போவாள்? வந்து பார்க்கிற சனம் அந்தப் பேரை உரக்க வாசிக்கும். வாசிக்க வாசிக்க யதுர்ஷிகா இல்லாமலே போய்விடுவாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு எழுதக் கஷ்டமான பேர் அது. ஆஸ்பத்திரியில் மருத்துவிச்சி தேடி வைத்தது. அதைப் பேச்சியம்மா சத்தமாகச் சொல்லி எவ்வளவோ காலம்.

செவ்வாய்க்கிழமை காலை, மாசிப் பனி ஆற்றுக்கு மேலே பஞ்சு மாதிரிக் கிடந்தது. கொப்பரையில் நெல் அவிந்துகொண்டிருந்தது. மதலேனா இன்னும் வந்து சேரவில்லை. ஆசியா உம்மா அடுப்படியில் குந்தியிருந்து உமி தள்ளிக்கொண்டிருந்தார்.

"ராத்தா," என்றாள் பேச்சியம்மா. "அந்தக் கல்லை வைக்க வேண்டாம்."

"எந்தக் கல்லை?"

"பேர்க் கல்லை."

"ஏன், கறுப்பு வடிவில்லையோ? நானும் வெள்ளைதான் கேட்டனான். அவன் கேக்கிறான் இல்லை."

"அதுக்குள்ள கிடக்கிறது என்ர பிள்ளை."

ஆசியா உம்மாவின் கை உமிக்குள்ளேயே நின்றது. பேச்சியம்மா நின்ற நிலையில், நெல்லைப் பார்த்தபடி, முழுவதையும் சொன்னாள். பங்கரைச் சொன்னாள். மழையைச் சொன்னாள். அடுப்புக் கல் பெயர்த்த இடத்தைக் கையால் காட்டினாள். அங்கே வேறு நிறத்தில் இரண்டு செங்கல் வைத்துப் பூசியிருந்தது. அந்த ஓட்டையை மூடுவித்தது ஆசியா உம்மாதான், திரும்பி வந்த புதிதில்.

கொப்பரை மூடி ஆவியில் தடதடவென்று அடித்தது. இருவரும் அதை எடுக்கவில்லை.

"தலை எந்தப் பக்கம் வச்சனீங்கள்?" என்று கேட்டார் ஆசியா உம்மா.

"தெற்கால."

"அப்ப நான் இவ்வளவு காலமும் கால்மாட்டில இருந்திருக்கிறன்."

"ஓம் ராத்தா. அவளின்ர காலடியில."

"என்னை ஒரு விசரி மாதிரி இருக்க விட்டிட்டாய். நான் குழறேக்க நீ பக்கத்தில நெல்லுக் கிளறிக்கொண்டு நிண்டனி."

"நானும் அழுதனான் ராத்தா. உங்கட சத்தத்துக்குள்ள என்ர சத்தம் கேக்கேல்லை."

ஆசியா உம்மா எழும்பினார். எழும்பும்போது அடுப்புச் சுவரைப் பிடித்தார். சூடு பட்டிருக்க வேண்டும், கையை எடுக்கவில்லை.

"அப்ப அவர் எங்க, பேச்சி?"

ஆசியா உம்மா கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்தார், உண்மையாகவே பேச்சியம்மாவுக்குத் தெரிந்திருக்கும் என்பதைப் போல. பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். மதலேனா வந்து மூடியைத் திறந்தபோது அவியல் கூடி நெல் எல்லாம் வெடித்து வாய் பிளந்து கிடந்தது. அரைத்தால் குறுநொய்தான் வரும். இரண்டு பேரும் புருசன் பெண்சாதி மாதிரிச் சண்டை பிடித்தீர்களா என்று கேட்டாள் மதலேனா.

புதன்கிழமை சியாம் சிறிய லொறி ஒன்றில் கல்லைக் கொண்டு வந்தான். கூடவே ஒரு மேசனும் கணபதியும். மேசன் கபுறு வேலியின் கம்பியைத் தளர்த்தத் தொடங்கினான். தளத்தில் நெல்லுக் கிளறிக்கொண்டிருந்த பேச்சியம்மா அதைக் கண்டாள். நெல்லுக்கு நடுவில் நின்ற இடத்திலேயே நின்றாள். தான் சொல்லிவிட்டாள், இனி மற்றவர் கையில். பொலிஸ் வருமோ, மண்வெட்டி வருமோ, இல்லை பேர்தான் வருமோ.

ஆசியா உம்மா வெளியே வந்தார். கண் வீங்கியிருந்தது. மேசனைப் பார்த்துக் கம்பியை விடச் சொன்னார்.

"கபுறில பேர் எழுதுறது எங்கட முறையில்லை," என்றார். "மீசான் ரெண்டும் போதும்."

"நீங்கள்தானே ஓம் எண்டனீங்கள், உம்மா," என்றான் சியாம்.

"ஓம் எண்டனான். இப்ப வேண்டாம் எண்டுறன்."

கணபதி தொப்பியைக் கழற்றினார். பேர் இல்லாவிட்டால் மேலிடத்தில் கேள்வி வரும் என்று தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"கேக்கட்டும். இது எங்கட வீட்டுக் கபுறு. நான் பொறுப்பு. நான் உயிரோட இருக்கிற வரைக்கும் இதில ஒருத்தரும் மண்வெட்டி வைக்க ஏலாது. இப்பிடியே எழுதுங்கோ." பேச்சியம்மா நின்ற பக்கம் அவர் திரும்பவே இல்லை. "கல்லை மேடையில வையுங்கோ. அவர் கடைசியா நிண்டது அங்கதான். அது எனக்குத் தெரியும். அது மட்டும்தான் எனக்குத் தெரியும்."

கணபதிக்கு அது பிடித்துவிட்டது. மேடைதான் ஸ்ரோரின் முகம், வருகிற சனம் முதலில் அங்கேதான் ஏறும் என்று அவர் சியாமுக்கு விளக்கிக்கொண்டு போனார். சியாம் போகும்போது திரும்பித் திரும்பித் தாயைப் பார்த்தான். அவனுக்கு ஏதோ விளங்காமல் இருந்தது. ஆனால் மேடையில் கல்லைப் பொருத்தி முடித்ததும் தகப்பனின் பேரை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தடவினான். கோச்சி ஒன்று ஸ்ரேசனில் நின்று கிளம்பியது. சன்னலால் பார்த்த சனம் அந்தப் பேரை வாசித்துக்கொண்டு போனது.

வெள்ளிக்கிழமை வந்தது. வெள்ளியில் அடுப்பு மூட்டுவதில்லை, தளத்தைக் கூட்டுகிற வேலை மட்டும்தான். லுஹர் பாங்கு சொல்லிக் கனநேரமாகியும் ஆசியா உம்மா வெளியே வரவில்லை. பேச்சியம்மா கூட்டி முடித்துவிட்டு வேலிக்குள் போனாள். இத்தனை வருசத்தில் அவள் உள்ளே போய் இருந்ததே இல்லை. தெற்குக் கல்லடியில் குந்தினாள். இப்போது இது அவளுடைய இடம். யாருக்கும் ஒளிக்கத் தேவையில்லை. மகளுடைய பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள். குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. அழ வேண்டும் என்று இருந்தாள், அழுகை வரவில்லை. பக்கத்தில் இன்னொருத்தியின் குரல் எழும்பாமல் எப்படித் தொடங்குவது என்று அவளுக்கு மறந்துபோயிருந்தது. மதியத்து அமைதியில் மேடைப் பக்கம் அந்த நடைச் சத்தமும் கேட்கவில்லை.

அவள் எழும்பிப் போய்க் குசினிக் கதவைத் தட்டினாள். ஆசியா உம்மா பிட்டுக்கு மா குழைத்த கையோடு கதிரையில் இருந்தார். மா கையில் காய்ந்து போயிருந்தது.

"வாங்கோ ராத்தா. இண்டைக்கு வெள்ளியல்லோ."

"ஆருக்கு எண்டு ஓதுறது, பேச்சி?"

"பிள்ளைக்கு ஓதுங்கோ. இவ்வளவு நாளும் கேட்டுப் பழகிட்டாள்."

"அவருக்கு ஆர் இருக்கினம்? அவர் எந்தப் பற்றைக்குள்ள கிடக்கிறாரோ. தலைமாட்டில ஒரு கல்லுக்கூட இல்லாம."

பேச்சியம்மா நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு யோசித்தாள்.

"இருக்கும் ராத்தா. எங்கயோ ஒருத்தி, தன்ர மகன் எண்டோ புருசன் எண்டோ நினைச்சுக்கொண்டு, அவருக்குப் பக்கத்தில இருப்பாள். தேவாரம் படிப்பாளோ செபமாலை உருட்டுவாளோ தெரியாது. ஆனா இருப்பாள்."

ஆசியா உம்மா அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"அழுவாளோ?"

"அழுவாள். நீங்கள் என்ர பிள்ளைக்கு அழுத மாதிரி."

ஆசியா உம்மா எழும்பிப் பைப்படிக்குப் போய், தண்ணீரைத் திறந்துவிட்டு, விரலில் ஒட்டிக் காய்ந்த மாவை ஒவ்வொன்றாக உரசிக் கழுவத் தொடங்கினார். "உள்ள இன்னொரு பாய் கிடக்கு," என்றார் திரும்பாமல். "எடுத்துக்கொண்டு போ. வாறன்."